அந்த வண்டியில் எங்கட ஆள் ஒருத்தரும் இல்லை

ஐந்து வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் அன்ரி வடை சுட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. கதைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது எண்ணெய்ச் சட்டியில் நெருப்பு. பதறிப்போய் ஒரு செம்பு தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டார். எரியும் எண்ணெய்க்குள் ஒரு லீற்றர் தண்ணீர் போனால், அது கண் மூடித் திறப்பதற்குள் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாகிவிடும். எண்ணெயையும் தூக்கிக்கொண்டு கூரை வரை போகும். அன்ரிக்குக் கையில் காயம். சமையலறை கறுத்துப்போனது. புகை அலாரம் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மிளகாய் தாளித்தால் கத்துகிறது என்று கழற்றிய அந்த வெள்ளை வட்டம் எங்கள் வீடுகளில் எங்கே கிடக்கும்? லாச்சிக்குள், பற்றறி இல்லாமல்.

பக்கத்து வீட்டு ஜேர்மன் மூதாட்டிதான் 112க்கு அழைத்தார். எட்டோ ஒன்பதோ நிமிடத்தில் சிவப்பு வண்டி வந்து நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த முகங்களைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். ஒருவர் நாங்கள் ஞாயிறு காலையில் பாண் வாங்கும் பேக்கரிக்காரர். ஒருவர் எட்டாம் வகுப்பில் எனக்குக் கணிதம் படிப்பித்தவர். ஒருத்தி என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். முதுகில் காற்று சிலிண்டரோடு படியேறிப் போனவள் அவள்தான்.

எல்லாம் முடிந்து அவர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கீழே நின்ற எங்கள் ஆட்களில் ஒரு மாமா சொன்னார்: "இவைக்கு நல்ல சம்பளம் குடுப்பினம் போல. அதுதான் இந்த ஓட்டம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் தெரியாது. இந்த நாட்டில் பிறந்தவள். பாலர் பாடசாலையில் இருந்து தீயணைப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள், வண்டியில் ஏற்றி ஹெல்மெட் போட்டுப் படமும் எடுத்தார்கள். அந்தப் படம் இன்னும் அம்மாவின் அல்பத்தில் இருக்கிறது. ஆனால் அது யாருடைய வண்டி என்று 19 வயது வரை நான் கேட்கவில்லை.

மாமாவுக்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். சம்பளம் இல்லை, மாமா. சில ஊர்களில் செலவுக்கென்று ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். அதை வைத்து ஒருவரும் வாடகை கட்டுவதில்லை. வந்த ஒன்பது பேரும் தொண்டர்கள். ஜேர்மன் மொழியில் ஃபிரைவில்லிகெ ஃபொயர்வேர் என்று வண்டிக் கதவிலேயே எழுதியிருக்கும், "தொண்டர் தீயணைப்புப் படை" என்று அர்த்தம். நாங்கள் வாசித்ததில்லை.

ஜேர்மனியில் 20,000க்கும் மேற்பட்ட தொண்டர் படைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் சேவை செய்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் நகரப் படைகள் நூற்றுச் சொச்சம்தான். பல மாநிலங்களில் 100,000 மக்களுக்கு மேல் உள்ள நகரத்துக்குத்தான் அப்படி ஒரு படை கட்டாயம். எங்களுடையதுபோல 12,000 பேர் இருக்கும் ஊரில், இரவு இரண்டு மணிக்கு உங்கள் வீடு எரிந்தால் அரசாங்கம் வராது. பேக்கரிக்காரர் வருவார். அவர் வராவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. "இவ்வளவு வரி கட்டுறம், பிறகென்ன?" என்கிறார்கள். வரிப்பணத்தில் வண்டி வாங்குகிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள், உடுப்பு வாங்குகிறார்கள். வண்டிக்குள் ஏறுவதற்கு ஆள் வாங்குவதில்லை. அந்த இடத்தை அக்கம்பக்கத்தார் நிரப்பவேண்டும். நாங்களும் அந்த அக்கம்பக்கத்தில்தான் முப்பது, முப்பத்தைந்து வருடமாக இருக்கிறோம்.

எப்படி நடக்கிறது என்று ஒருமுறை சொல்கிறேன். இடுப்பில் ஒரு சிறிய பேஜர் இருக்கும். அது கத்தினால் சாப்பாட்டுத் தட்டு மேசையில் அப்படியே இருக்கும். ஓடி, சைக்கிளிலோ காரிலோ நிலையத்துக்குப் போய், கால்சட்டையும் சப்பாத்தும் ஒன்றாகச் சொருகி வைத்திருப்பதற்குள் குதித்து ஏறவேண்டும். முதல் வண்டியில் ஒன்பது இடம். குழுத்தலைவர் ஒருவர், வண்டியையும் பம்பையும் பார்ப்பவர் ஒருவர், செய்தி சொல்பவர் ஒருவர், மிச்சம் ஆறு பேர் இரண்டு இரண்டாக. முதல் இரண்டு பேர் உள்ளே போவார்கள், அடுத்த இரண்டு பேர் தண்ணீர் கொண்டுவருவார்கள், கடைசி இருவர் குழாய் பூட்டுவார்கள். புகைக்குள் ஒருவரும் தனியே போவதில்லை. போன இருவருக்கு ஏதும் நடந்தால் இழுத்து வருவதற்கு, அதே மாதிரி மாஸ்க்கும் சிலிண்டரும் மாட்டிய இன்னும் இருவர் வெளியே காத்து நிற்பார்கள். முதுகில் ஏறத்தாழ 15 கிலோ. சிலிண்டரில் உள்ள காற்று அரை மணித்தியாலத்துக்கு என்று கணக்கு. பயத்தில் மூச்சு வாங்கினால் அதற்கு முன்னமே முடியும். பயிற்சியில் எனக்கு முடிந்தது. இருட்டில் கம்பிக்கூண்டுக்குள் தவழ்ந்து போகிற அந்தப் பரீட்சையில் முதல் முறை நான் தோற்றேன். சைவப்பிரகாசிகை பாடமாக்கியதைவிடக் கஷ்டம்.

ஆனால் பெரும்பாலான நாட்களில் தீயே இல்லை. வீதியில் எண்ணெய் கொட்டினால் அதைத் துடைக்க, புயலில் விழுந்த மரத்தை வெட்ட, நிலக்கீழ் அறையில் நிறைந்த வெள்ளத்தை இறைக்க, நெடுஞ்சாலையில் நசுங்கிய காரின் கதவை வெட்டி ஆளை எடுக்க, உள்ளே விழுந்து கிடக்கும் முதியவரின் வீட்டுக் கதவைத் திறக்க. சினிமா இல்லை. அதிகாலை நாலு மணிக்கு மழையில் தும்புத்தடியோடு வீதியில் நிற்பதுதான் அதிகம்.

இது எப்படித் தொடங்கியது என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய கதை. முந்தைய காலத்தில் ஊர் எரிந்தால் மணி அடிப்பார்கள். எல்லா ஆண்களும் தோல் வாளியோடு கட்டாயம் வரவேண்டும். வருவார்கள், ஆளையாள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், வீடு எரிந்து முடியும். 1840களில்தான், சில ஊர்களில் இளைஞர்கள் தாங்களாகவே சேர்ந்து, ஒழுங்காகப் பயிற்சி எடுத்து, ஒரு தலைவருக்குக் கீழே வேலை செய்யத் தொடங்கினார்கள். நிறையப் பேர் உடற்பயிற்சிக் கழகங்களில் இருந்து வந்தவர்கள், ஏணி ஏறத் தெரிந்தவர்கள். 1841இல் மைஸனில் ஒரு படை, 1846இல் டுர்லாக்கில் கிறிஸ்டியான் ஹெங்ஸ்ட் என்ற நகரக் கட்டடப் பொறுப்பாளர் அமைத்த ஒரு படை. எது முதலாவது என்று இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். (எங்கள் கோயில் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்பதுபோல.) 1847 பெப்ரவரி 28ஆம் திகதி கார்ல்ஸ்றூவேயின் அரசவை நாடகக் கொட்டகை எரிந்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்து டுர்லாக்கில் இருந்து அந்த இளைஞர்கள் கார்ல் மெட்ஸ் செய்த கைப்பம்போடு வந்து, தீ மற்றக் கட்டடங்களுக்குப் பரவாமல் தடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஊர் ஊராகப் படைகள் முளைத்தன. அரசன் கொடுத்த அமைப்பு இல்லை இது. ஊர்ச் சனம் தாங்களே கட்டியது.

இனி எங்கள் சாட்டுகளுக்கு வருகிறேன். ஐந்து வருடமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

"படிப்புக் கெட்டுப்போகும்." வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணித்தியாலம். நீங்கள் கைத்தொலைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் நேரத்தை ஒருநாள் கணக்குப் பாருங்கள். என் படையில் மருத்துவம் படிப்பவன் இருக்கிறான், சட்டம் படிப்பவள் இருக்கிறாள்.

"வேலையிடத்தில் விடமாட்டார்கள்." விடவேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அழைப்பு வந்தால் முதலாளி உங்களைப் போகவிடவேண்டும், அந்த நேரத்துக்கான சம்பளத்தையும் தரவேண்டும். தனியார் நிறுவனமென்றால் அந்தப் பணத்தை ஊராட்சி திருப்பிக் கொடுக்கும்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் பிள்ளை இந்த வேலை?" இது அம்மம்மா கேட்டது. அவருக்குப் பதில் சொல்லலாம். என் வயதுப் பெடியள் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. தொண்டர் படைகளில் பெண்கள் இன்னும் பத்தில் ஒருவர் அளவுதான். அது ஜேர்மன்காரர்கள் வெட்கப்படவேண்டிய கணக்கு. எங்கள் கணக்கை யாராவது எடுத்தால் நாங்கள் அதைவிட வெட்கப்படுவோம்.

"எங்களுக்குப் பொதுப்பணி தெரியாதா?" தெரியும். அதுதான் என் கோபமே. சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறோம். தேர்த் திருவிழாவுக்கு விடிய மூன்று மணிக்கு எழும்பி ஆயிரம் பேருக்குச் சமைக்கிறோம். விளையாட்டுக் கழகத்துக்குக் கூடாரம் அடிக்கிறோம். அப்படி உழைக்கத் தெரிந்த சமூகம் இந்த நாட்டில் குறைவு. ஆனால் அந்த உழைப்பெல்லாம் எங்கள் மண்டபக் கதவுக்கு உள்ளேயே நிற்கிறது. கதவுக்கு வெளியே இருப்பதை "அவையின்ர" என்கிறோம். அந்த மண்டபம் எரிந்தால் அணைக்கப்போவதும் "அவை"தான்.

சுவிஸில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுடைய பல கன்டோன்களில் தீயணைப்புச் சேவை ஒரு கடமை. செய்யாதவர் அதற்குப் பதிலாகப் பணம் கட்டவேண்டும். வீட்டுக்கு வரும் அந்தப் பில்லை அப்பா ஒவ்வொரு வருடமும் முணுமுணுத்துக்கொண்டு கட்டுவாரே, அது என்ன பில் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? ஜேர்மனியின் தென்பகுதியிலும் இதேபோல ஒரு வரி இருந்தது, ஆண்களுக்கு மட்டும். அது பாரபட்சம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1995இல் நிறுத்தியது. இன்றைக்கும், ஊரில் தொண்டர்கள் போதாவிட்டால் மக்களைக் கட்டாயமாகச் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஸில்ட் தீவில் உள்ள லிஸ்ட் என்ற ஊரில் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு சாட்டு இருக்கிறது. அதை நான் நக்கல் அடிக்கமாட்டேன். "அவங்கள் எங்களைச் சேர்க்கமாட்டாங்கள்."

முதல் நாள் நான் போனபோது ஒருவர் என்னைப் பார்த்து, துப்புரவு செய்யும் ஆள் வந்துவிட்டதாக நினைத்தார். "உண்மையில் நீ எங்கேயிருந்து வருகிறாய்?" என்ற கேள்வியை ஒரே மாலையில் நான்கு தரம் கேட்டேன். கோடை விழாவில் பன்றி இறைச்சியும் பியரும் தவிர வேறொன்றும் இருக்காது. மரக்கறி கேட்டவளுக்கு உருளைக்கிழங்கு சலாட் தந்தார்கள், அதற்குள்ளும் பன்றிக் கொழுப்பு. ஒருவர் சொன்ன "பகிடி"க்கு நான் எழும்பி வெளியே போனேன். அடுத்த வாரம் குழுத்தலைவர் அவரை எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தார். எல்லாப் படையிலும் அப்படி ஒரு தலைவர் இருப்பார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். "எல்லோரும் வரலாம்" என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு, வந்தவரை ஒரு மூலையில் நிற்க வைக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஆள் இல்லை ஆள் இல்லை என்று அழுகிறவர்கள், ஊரில் ஐந்தில் ஒருவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று பார்க்காமல், தங்கள் பேரன்மாரையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இது அவர்களுடைய பிழை. முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதற்காக வெளியே நிற்கலாமா? இங்கேதான் இந்தப் படைகளின் வரலாற்றில் இருந்து, அவர்கள் விழா மலர்களில் அதிகம் எழுதாத ஒரு பக்கத்தைத் திறக்கவேண்டும்.

1930களில் யூதர்கள் தொண்டர் படைகளில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். பல வருடம் அதே வண்டியில் ஏறியவர்கள், அதே குழாயைப் பிடித்தவர்கள். பிறகு 1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு, நாடெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்களுக்கு நாசிகள் தீ வைத்தார்கள். தீயணைப்புப் படைகள் வந்தன. தண்ணீர் இருந்தது, பம்ப் இருந்தது, பயிற்சி இருந்தது. பல ஊர்களில் அவர்கள் செய்தது ஒன்றுதான். பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டு, தொழுகைக்கூடத்தை எரியவிட்டார்கள். கட்டளை அப்படி. இரண்டு கிழமைக்குள், நவம்பர் 23ஆம் திகதி, புதிய சட்டம் வந்தது. தொண்டர் படைகள் பொலிஸின் துணைப்படையாகின. சிவப்பு வண்டிகளுக்குப் பச்சை நிறம் அடித்தார்கள்.

முதலில் வண்டிக்குள் இருந்து ஒரு சாராரை இறக்கினார்கள். பிறகு அந்தச் சாராரின் வீடு எரிந்தபோது இறங்கி வேலை செய்ய ஒருவரும் இல்லை. தீக்கு இனம் தெரியாது என்று மேடையில் சொல்வார்கள். தீக்குத் தெரியாமல் இருக்கலாம். குழாய் பிடிக்கிறவருக்குத் தெரியும்.

இது பழங்கதை என்றால், எங்கள் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்திறங்கிய காலத்துக்கு வாருங்கள். 1992 ஆகஸ்ட், றொஸ்ரொக் நகரின் லிக்ரன்ஹாகன். வியட்நாமியத் தொழிலாளர்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்குக் கும்பல் தீ வைத்தது, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தீயணைப்பு வண்டிகள் அணைக்க வந்தன. கும்பல் கிட்ட விடவில்லை. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கூரை வழியாகத் தப்பினார்கள். அதே வருடம் நவம்பரில் மொல்ன், மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் மே 29இல் ஸோலிங்கன், ஒரே துருக்கிக் குடும்பத்தில் ஐந்து பேர். அந்த வருடங்களில் அகதி முகாம்களில் இருந்த எங்கள் அப்பாமார் முறை வைத்து இரவில் விழித்திருந்த கதையை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். கேட்காவிட்டால் இன்றைக்குக் கேளுங்கள்.

அவர்களுக்கு அது புதுப் பயம் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை. 1983 ஆடியில் கொழும்பில் வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு கப்பலில் ஊருக்குப் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். தீ வைப்பவரைவிட, அணைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பவர் யார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஊரில் யார் குழாய் பிடிக்கிறார்கள் என்பது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விடயமா?

போன பனிக்காலத்தில் ஒரு கதவு திறக்கப் போனோம். உள்ளே யாரோ விழுந்து கிடக்கிறார், பூட்டியிருக்கிறது என்று தகவல். கதவைத் தட்டினால் உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறது, பதில் இல்லை. எங்கள் குழுத்தலைவர் ஜேர்மனில் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கதவுக்குப் பக்கத்தில் பெயரைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர். குனிந்து கடிதம் போடும் துவாரத்தால், "அம்மம்மா, பயப்பிடாதேங்கோ. நான் தமிழ்ப் பிள்ளை. எந்த இடத்தில நோகுது?" என்றேன். ஒரு கணம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "ஆற்ற பிள்ளை நீ?" என்று கேட்டார். இடுப்பு உடைந்து தரையில் கிடக்கும்போதும் எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்தாகவேண்டும். நான் அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர்கள் பூட்டைத் திறந்தார்கள். அந்த ஒன்பது பேரில் தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு இருந்தது தற்செயல். நான் வேலையில் இருந்திருந்தால் இல்லை.

சேர விரும்புகிறவர்களுக்கு: ஜேர்மன் குடியுரிமை தேவையில்லை. பத்து வயதில் இருந்தே இளைஞர் தீயணைப்புப் படையில் சேரலாம், சில இடங்களில் அதற்கு முன்னமும் எடுப்பார்கள். ஆகவே தம்பி தங்கையையும் கூட்டிப் போங்கள். பெரியவர்களின் படைக்குப் பெரும்பாலும் 18, சில மாநிலங்களில் அதற்கும் குறைவு. உங்கள் ஊர் நிலையத்தில் பயிற்சி எந்த மாலை என்று வாசலிலேயே எழுதியிருக்கும். போய்க் கேளுங்கள். முதல் நாள் தனியே போகாதீர்கள், ஒரு சினேகிதியையோ மச்சானையோ இழுத்துக்கொண்டு போங்கள். துப்புரவு செய்ய வந்தீர்களா என்று யாராவது கேட்டால், இல்லை, உங்கள் இடத்தில் இருக்க வந்தேன் என்று சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றுவரை மனதில் கிடக்கிறது. அதோடு, இன்று இரவே லாச்சியைத் திறந்து அந்த அலாரத்துக்குப் பற்றறி போடுங்கள். சட்டி எரிந்தால் மூடியால் மூடி, அடுப்பை நிறுத்துங்கள். தண்ணீர் வேண்டாம்.

ஒரேயொரு விடயத்தில் பெடியளுக்காக நான் வாதாட முடியாது. தாடி. மாஸ்க் முகத்தில் இறுக்கமாக ஒட்டவேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது, புகை உள்ளே போகும். எவ்வளவு அழகாக வளர்த்திருந்தாலும் வழிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வெளியே நின்று பம்பைப் பார்க்கவேண்டும். என் தம்பி இந்த ஒரு காரணத்துக்காக எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறான்.